மனப்பாடமாகத் தெரிந்த ஐந்தாம் வரி

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க தினமும் பேர் சொல்லி ஜெபிக்கிறோம். சுகம் என்று ஒப்புக்கு எழுதவில்லை, மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நான் வீட்டிலேயே இருப்பதால் அவருக்குத்தான் கஷ்டம். நான் காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டிருந்த மனுஷர் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சத்தத்தைக் குறைக்கிறார்.

உன் கடிதம் வந்தது. முதல் தடவை படித்தபோது அழுகை வந்தது, இரண்டாம் தடவை கோபம் வந்தது, அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் நீ என்னைப் பேசவிடமாட்டாய். அப்பா உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறார், அவர் எதை முழுசாகச் சொன்னார், நானே சொல்கிறேன் கேள். டிப்போவில் டிரைவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை நடக்கும். நான் பஸ் ஓட்ட வந்த இருபத்திரண்டு வருஷமாகச் சுவரில் தொங்குவது ஒரே அட்டை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் எங்கள் எல்லாருக்கும் அந்த எழுத்துகள் மனப்பாடம், ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டே ராகம் போட்டுச் சொல்லுவோம். போன வருஷமே என் இடது கண்ணுக்கு நாலாம் வரிக்குக் கீழே எல்லாம் புகைமூட்டம்தான். கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்தேன். ஆமாம், பொய்தான், உன்னிடம் ஏன் ஒளிக்க வேண்டும். அன்றிலிருந்து ஆண்டவரே அடுத்த தடவையும் எப்படியாவது பாஸ் பண்ண வையுங்கள் என்று ஒரு வருஷம் ஜெபம். இந்த வருஷப் பரிசோதனைக்குப் பத்து நாள் முன்னால் ஒரு நிறுத்தத்தில் கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், படி காலி என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டேன். கண்டக்டர் போட்ட சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். ஒரு காலைத் தரையில் வைத்தபடி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார் அவர். அடி எதுவும் இல்லை, பரவால்லம்மா பரவால்லம்மா என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எப்படி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பரிசோதனை அன்று வலது கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அதே அட்டை. ஐந்தாம் வரியில் இரண்டு எழுத்தைச் சொல்லியும் விட்டேன், மூன்றாவது நாக்கு நுனியில் நிற்கிறது, அந்தப் பெரியவருடைய குரல் காதை விட்டுப் போகவில்லை. எனக்கு ஒண்ணும் தெரியல டாக்டரம்மா, மனப்பாடமா சொல்லிட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் கண்ணுக்குப் பின்னால் நரம்பு பழுதாம், கண்ணாடி போட்டாலும் போனது திரும்பாதாம், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஓய்வுபெற நாலு வருஷம் இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கிவிட்டேன்.

இதற்கு நீ என்ன எழுதியிருக்கிறாய். ஒரு வருஷம் ஜெபம் பண்ணினே, ஆண்டவரும் அதே அட்டையை மாட்டி வெச்சுக் கொடுத்தாரு, அதுதான் பதில், அதை நீயே எட்டி உதைச்சா அவர் என்ன பண்ணுவாரு என்று. அடுத்த பக்கத்தில் அதே நீதான், உண்மை சொன்னவளைத் தெருவுல விட்ட ஆண்டவர் எனக்கு வேண்டாம், இனிமே ஆலயத்துக்கும் போகமாட்டேன், ஜெபமும் பண்ணமாட்டேன் என்கிறாய். முதலில் இரண்டில் எது என்று முடிவு பண்ணிக்கொண்டு என்னோடு சண்டைக்கு வா. அட்டையை மாற்றாதது டிப்போ ஆபீசின் சோம்பேறித்தனம், அதில் போய் ஆண்டவர் கையெழுத்தைப் போடாதே. பாஸ் பண்ண வையுங்கள் என்று நான் கேட்டேன், அவர் ஒரு மனுஷரை என் சக்கரத்திலிருந்து காப்பாற்றினார். கேட்டது கிடைக்கவில்லை என்று அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார், நல்ல மனுஷர், இதைவிட மேலானதைக் கர்த்தர் உங்களுக்கு வெச்சிருக்காரும்மா என்றார். எங்க வெச்சிருக்காருன்னு சொல்லுங்கய்யா, நானே போய் எடுத்துக்கறேன் என்றேன். உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டார். எனக்கு நடந்ததை ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் சாட்சியாகச் சொல்லணும் என்று நான் கேட்டதும் ஐயா தயங்கினார், கொஞ்சம் பொறுங்கம்மா, கண்ணு சரியாகட்டும், இல்ல வேற வேலையாவது அமையட்டும், அப்புறம் சொன்னா கேக்கறவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும் என்றார். எங்கள் சபையில் வழக்கமே அதுதான், எல்லாம் நல்லபடியாக முடிந்தவர்கள்தான் மைக்கைப் பிடிப்பார்கள். நான் பொறுக்கவில்லை. சாட்சி நேரத்தில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டேன். என் கண்ணு சரியாகல, ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, பஸ் ஓட்டுறது போச்சு, அடுத்து என்னன்னு தெரியாது, போன வருஷம் பொய் சொன்னேன், இந்த வருஷம் சொல்லல, இப்பவும் அவரைத்தான் நம்பறேன், இதுவரைக்கும் அவ்வளவுதான் என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அல்லேலூயா சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கீபோர்டு வாசிப்பவர் ஒரு கட்டையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பயம் இல்லை என்று நான் வீராப்புப் பேசவில்லை, காலையில் எனக்கு முன்னாலேயே அது எழுந்துவிடுகிறது. ஆனால் பயமாக இருக்கிறது என்பதற்காக அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன், யார் என்ன சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி.

எங்களை அங்கே கிளம்பி வரச் சொல்லியிருக்கிறாய், இப்போது வரமாட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார், டிப்போ யார்டில் வேறு வேலை தருவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எதுவானாலும் சரி என்று பெரிய பக்தைபோல எழுதமாட்டேன். எனக்கு வேலை வேண்டும், அதையும் அவரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்காகப் பரிந்துகொண்டு நீ அவரோடு பேசாமல் இருக்காதே, என் வழக்கை நானே பேசிக்கொள்வேன். உனக்கென்று கோபம் இருந்தால் என்னிடம் கத்துகிற மாதிரி நேரே அவரிடமே கத்து, அவருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் போக்கிலும் வரத்திலும் காத்து, கையிட்டுச் செய்கிற வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பா மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். திங்கட்கிழமையை மறந்துவிடாதே, இங்கே பத்து மணி என்றால் அங்கே என்ன நேரம் என்று இப்போதே பார்த்துக் குறித்து வை. அந்த நேரத்தில் நீ எங்கே நின்றாலும் சரி, உங்ககூட எனக்குப் பேச்சு இல்ல, ஆனா மேனேஜர் ரூமுக்குள்ள எங்கம்மா தனியா நிக்கறாங்க, பாத்துக்கங்க என்று ஆண்டவரிடம் சொல். அதையும் அவர் ஜெபமாக எடுத்துக்கொள்வார்.

இப்படிக்கு
உன்னை விடாத உன் அம்மா