தென்மேற்கு மூலை

ஜூலை 4, வெள்ளி

இன்று என் வீட்டுக்காரர் கூடத்துக் கடிகாரத்தை இறக்கிவிட்டார். பத்து நிமிடம் பின்னால் ஓடும் கடிகாரம்தான். அதற்குத் தக்கபடி பஸ்ஸுக்குக் கிளம்பி எனக்குப் பழகிவிட்டது. இன்று கும்பகோணம் பஸ் போய்விட்டது.

"தப்பா ஓடுற கடிகாரம் இருந்தா வீட்டுல நல்ல சக்தி தேங்கிடும், நீலா" என்கிறார்.

பதினெட்டு வருடம் சிங்கப்பூரில் சீன முதலாளி கடையில் மேசை நாற்காலி தூக்கியவர், இனி போவதில்லை என்று ஏப்ரலில் ஊரோடு வந்துவிட்டார். கூட வந்தவை இரண்டு பெட்டிகள். ஒன்றில் சோப்பு, தைலம், சாக்லேட். இன்னொன்றில் ஃபெங் சுயி. எந்தப் பொருள் எந்தத் திசையில் இருந்தால் வீட்டில் சண்டை வராது என்று சொல்லும் சாஸ்திரமாம். வந்த நாளிலிருந்து சண்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

வாசலில் மணிக்குழல் கட்டியிருக்கிறார். காற்று அடித்தால் கிணுகிணு என்கிறது. ஆடி பிறக்கும் முன்பே ஆடிக் காற்று வேறு. மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்க்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

படுக்கை அறையில் ஜோடி வாத்து பொம்மை. தம்பதி ஒற்றுமைக்காம். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஓர் ஆண் வாத்து எத்தனை பெட்டைகளைத் துரத்தும் என்று எனக்குத் தெரியும். ஜோடியாம், ஜோடி.

கட்டிலின் இரண்டு பக்கமும் இடம் விட்டு நகர்த்தினார். ஆளுக்கொரு பக்கம் இறங்க வேண்டுமாம். நான் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறவள். எந்தப் பக்கமாக இறங்குவது? கேட்கவும் செய்தேன். முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும்.

இந்த டைரியில்தான் இவர் பெயரைச் சொல்ல முடிகிறது. மதிவாணன். மதிவாணன். மதிவாணன். எழுதினால் ஆத்திரம் கொஞ்சம் இறங்குகிறது.

ஜூலை 16, புதன்

கூடத்தில் சிரிக்கும் தொப்பைச் சாமியார் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நடவுக்கு ஆள் கூட்டிவரும் நாகம்மாள் கொல்லை வழியாக வந்தவள் எட்டிப் பார்த்து, "யாரும்மா இது, ஒங்க மாமனாரா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். இவர் கோபித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். நல்லதாய்ப் போயிற்று.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்குத்தான் சரியான சண்டை.

தென்மேற்கு அறையில் விதைநெல் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே ஈரம் அண்டாத அறை அதுதான். தையில் அறுத்ததில் கலப்பில்லாத கதிராகப் பார்த்து எடுத்து, நாலு வெயில் காயவைத்து, நொச்சி இலை போட்டுக் கட்டிய மூட்டைகள். ஆவணியில் நாற்று விடும்வரை அந்த அறைக்குள் ஈரத் துணியோடு நானே போகமாட்டேன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் வந்துதான் விதை கேட்பார்கள்.

"அது புருஷன் பொண்டாட்டி மூலை. அங்க போய் மூட்டைய அடுக்கி வச்சிருக்க. அப்புறம் எப்படி ஒட்டும் நமக்குள்ள?" என்கிறார்.

"அந்த மூட்டதாங்க இத்தன வருஷமா இந்த வீட்டத் தாங்குச்சு" என்றேன்.

"அப்ப நான் அனுப்புனது?"

"அது நம்ம கவிப்ரியா படிப்புக்கு, வீட்டுக்கு. நெலத்துக்கு நான்."

சொன்னது உண்மைதான். சொல்லியிருக்க வேண்டியதில்லையோ? இருக்கட்டும். வாய்க்கால் முறைக்கு ஆம்பளைகளோடு நின்று சண்டை போட்டது யார்? ஆள் கிடைக்காத வருஷம் நானே இறங்கி நாற்றுப் பறித்தது யார்? இப்போ வந்து திசைகாட்டியைக் கையில வச்சுக்கிட்டு எனக்கே மூலை காட்டுறாரு.

அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஆற்றுக்குப் போனோம். திரும்பும்போது சண்டை. எதற்கு என்று இப்போது நினைவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாகப்பட்டினத்தில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். நாளைக்குக் கிளம்புகிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னேன். வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னேன்.

சென்னையிலிருந்து கவிப்ரியா போனில், "அப்பாட்ட கொஞ்சம் நல்லாப் பேசேம்மா" என்றாள். இவர்தான் அவளிடம் ஓதியிருக்கிறார். பெற்ற பெண்ணையும் நல்ல திசையில் திருப்பி வைக்கிறார் போல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சேறு நகத்துக்குள் அப்படியே இருக்கிறது. எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

காலையில் வந்து இறங்கினேன். வாசலிலேயே நின்றிருந்தார், சந்தோஷமாக. தென்மேற்கு அறையில் சுண்ணாம்பு அடித்திருந்தது. புதுத் திரை. நடுவில் கட்டில். வாத்துகள் ஜன்னலில்.

"மூட்ட எங்க?" என்றேன்.

"கொல்லையில, தகரத்துக்கு அடியில. பத்திரமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இந்தப் பக்கமெல்லாம் மழை. நாகப்பட்டினத்திலேயே கொட்டியது. தகரத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்? இருந்திருந்தால் அல்லவா தெரியும்.

மூட்டையில் கை வைத்தேன். சுட்டது. பிரித்தால் வெள்ளை வெள்ளையாக முளை.

நான் கத்தினது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். என்னென்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். "நீங்க வர்ற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு சண்ட கெடையாதுங்க" என்றேன்.

பதிலுக்குக் கத்துவார் என்று பார்த்தேன். தகரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியும்" என்றார். "எங்க உக்காந்தாலும் வேற யாரு எடத்துலயோ உக்காந்த மாதிரி இருக்கு. இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு எடம் இல்ல நீலா. அதான் ஒவ்வொரு மூலையா பாத்துக்கிட்டிருந்தேன்."

பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

முளைவிட்ட விதையை யாராலும் நிறுத்திவைக்க முடியாது. இன்றைக்குச் சேற்றில் விழாவிட்டால் வேர் பின்னிக்கொண்டு அழுகிப்போகும். நாற்றங்காலில் ஓர் உழவு மட்டும் ஓட்டி வைத்திருந்தேன். அடுத்த வயல்காரர் துரைராசு அண்ணனின் டில்லரைக் கெஞ்சி வாங்கி, அவர் ஆளையே ஓட்டச் சொன்னேன். ஓட்டிக் கொடுத்துவிட்டு ஆள் போய்விட்டான். நாகம்மாள் தன் மகள் ஊருக்குப் போயிருக்கிறாள். வேறு ஆளில்லை.

"வேட்டிய மடிச்சுக் கட்டுங்க" என்றேன்.

சேற்றைச் சமன்படுத்தும் பரம்புப் பலகையின் ஒரு பக்கக் கயிறு என்னிடம், ஒரு பக்கம் இவரிடம். சேற்றில் மூன்று தடவை விழுந்தார். திட்டிக்கொண்டே இழுத்தேன். மூட்டையைத் தலையில் தூக்கி வைத்தபோது மட்டும் அசையவில்லை. தூக்கிப் பழகிய உடம்பு. பாதி விதை கெட்டுத்தான் போயிருந்தது. மிச்சத்தைப் பொழுது சாய்வதற்குள் தெளிக்க வேண்டும். ஒருத்தியால் ஆகாது. கிழக்குப் பாத்திகளை அவரிடம் விட்டேன். வீசத் தெரியவில்லை. கோழிக்குப் போடுகிற மாதிரி போடுகிறார். கைய விரிச்சு வீசுங்க, விரிச்சு வீசுங்கன்னு தொண்டை கட்டிப்போச்சு.

வீட்டுக்கு வந்ததும் அவர் எனக்கு வெந்நீர் வைத்தார். நான் நன்றி சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இடுப்பு. அவருக்கும் இடுப்பு. தைலப் பெட்டியைத் திறந்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்ததில் உருப்படியான பொருள் இதுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கட்டிலைத் தென்மேற்கு அறையிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டார். நான் சொல்லவில்லை. அறை காலி. மணிக்குழலையும் அவிழ்த்துவிட்டார். இரண்டு நாளாக வீட்டில் ஒரே நிசப்தம். இதுவும் பிடிக்கவில்லை. என்னதான் வேண்டும் எனக்கு?

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் நான் எழுவதற்குள் நாற்றங்காலுக்குப் போய்த் தண்ணீர் வடித்துவிட்டு வந்திருந்தார். "எவ்வளவு வடிச்சீங்க?" என்று கேட்டேன். சொன்னார். சரியாகத்தான் வடித்திருக்கிறார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாற்று விரல் உயரம் வந்துவிட்டது. என் பாத்திகள் பாய் விரித்த மாதிரி. கிழக்குப் பாத்திகள் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஓர் இடத்தில் கொத்தாக, பக்கத்திலேயே சொட்டையாக.

இருவரும் வரப்பில் நின்றிருந்தோம். துரைராசு அண்ணன் இரண்டு பேரோடு வந்தார். வருடா வருடம் என் நாற்றங்காலைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் பெண்களை ஏசுகிறவர். நின்று நன்றாகப் பார்த்தார். கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"என்ன நீலாம்பா, கெழக்க இப்படிக் கெடக்கு? யாரு தெளிச்சது?"

இவர் வாயைத் திறக்கப் போனார்.

"நான்தாண்ணே" என்றேன். "அன்னிக்குக் காத்து ஜாஸ்தி."