அது வேறை பாத்

மார்ச் 8, சனி

நேற்று அப்பாவின் சொந்தப் பாட்டுக்கு புக்கெகோஹி கிளப்பே எழும்பி நின்று கைதட்டியது. நான் மட்டும் கைதட்டவில்லை. அப்பாவின் அறை விளக்கு அணைந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பகலில் அப்பாவுக்கு அந்த ஊரிலேயே கரட் பொதி செய்கிற வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கௌபோய் தொப்பியும் கிற்றாருமாக மேடையில் நிற்பார். ஹொங்கி ரொங்க் என்கிற கன்றி பாட்டு, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு வகை. பியர் குடித்துக்கொண்டு ஆடலாம், அழவும் செய்யலாம். நான்கு வருடமாக மற்றவர்களின் பாட்டுகள்தான். இது அவருடைய முதல் சொந்தப் பாட்டு.

அம்மாவுக்காக எழுதியது. அவர் செத்து இரண்டு வருடம். இருவரும் நடந்த பக்குரங்கா ஆற்றோரத்தில் அப்பா இப்போது தனியாக நடக்கிறார். "றோஸ், இன்னும் உன் பாதையில் நிற்கிறேன்" என்று அம்மாவின் பெயரை வைத்துத் தமிழில் எழுதினார். நான் ஆங்கிலமாக்கினேன். ஆங்கிலம் வாசிக்க அவருக்கு நேரம் எடுக்கும். அதனால் எல்லாப் பாட்டையும் தமிழ் எழுத்தில்தான் எழுதிக் கொடுப்பேன். பாதைக்கு ஆங்கிலத்தில் பாத்.

குளிக்கிற தொட்டியும் பாத்.

எழுத்தில் ஒன்று. வாயில் வேறு. பாதைக்கு 'பள்ளி'யில் வருகிற ப. தொட்டிக்கு 'அம்பு'வில் வருகிற ப. அப்பா 'அம்பு' ப-வைப் பாடிவிட்டார். "றோஸ், இன்னும் உன் குளியல் தொட்டியில் நிற்கிறேன்." கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகி. நூறு பேர் சிரித்தார்கள். பாட்டுப் பிடித்துவிட்டது என்று அப்பா நினைத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அப்பா என்னிடம் கேட்டவர். புதன்கிழமை.

"பாத் எண்டா குளிக்கிறதெல்லே பிள்ளை?"

நான் சிநேகிதி பிரணவியோடு ஃபோனில் இருந்தேன். நிமிரக்கூட இல்லை. "அது வேறை பாத் அப்பா. நீங்கள் பாடுங்கோ."

அரை நிமிடம் போதுமாக இருந்தது. ஏன் நிமிரவில்லை?

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கும் பாடினார். குளியல் தொட்டியில் குழந்தைகள் மிதக்க விடுகிற மஞ்சள் றப்பர் வாத்து ஒன்றை யாரோ மேடைக்கு எறிந்தார்கள். அப்பா அதை எடுத்து ஸ்பீக்கர் மேல் வைத்துக் கும்பிட்டார்.

காரில் கேட்டார்: "வாத்து இவையளுக்கு நல்ல சகுனமோ?"

"ஓம் அப்பா."

மார்ச் 18, செவ்வாய்

அப்பாவுக்கு வருகிற மெசேஜ்களை நான்தான் வாசித்துச் சொல்வது. இசைக்குழுவை நடத்தும் விரேமு அனுப்பியிருக்கிறார். ஏப்ரல் ஐந்து, மவுண்ட் வெல்லிங்டனில் பெரிய மண்டபம், கடைசிப் பாட்டு அப்பாவுடையது. மேடையில் உண்மையான குளியல் தொட்டி வைக்கப்போகிறார்களாம். அப்பா வேண்டுமென்றே செய்த பகிடி என்றுதான் விரேமுவும் நினைத்திருக்கிறார்.

திகதியையும் இடத்தையும் மட்டும் வாசித்தேன். அப்பா என் தலையில் கொஞ்சினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

நாளைக்கு. இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று மண்டபத்து வாசலில் காரை நிறுத்தினோம். இரண்டு பேர் வெள்ளைத் தொட்டி ஒன்றை உள்ளே தூக்கிப் போனார்கள். "ஆரோ மேடையிலை முழுகப் போகினம் போலை" என்று அப்பா சிரித்தார்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அழுதுகொண்டு, பாதி ஆங்கிலத்தில்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "அப்ப வாத்து?"

"அதுவும் அதுக்குத்தான்."

"ஒருக்காச் சரியாச் சொல்லிக் காட்டு."

சொன்னேன். அவரும் சொன்னார். மூன்றாம் தரம் சரியாக வந்தது. இறங்கிக் கிற்றாரை எடுத்தார்.

மேடையில் முதல் தரம் சரியாகத்தான் பாடினார். பாதை. சனத்துக்கு விளங்கவில்லை. பின்னால் ஒருவர் தொட்டியைக் காட்டி, பாத் என்று 'அம்பு' ப-வில் கத்தினார். பிறகு எல்லா மேசைகளும் கத்தின. அப்பாவின் கை கிற்றாரில் நின்றுவிட்டது. விரேமு அவரைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினார். ஒன்று, பிறகு மற்றது. தொட்டிக்குள் ஏறி நின்றார்.

மண்டபம் அதிர்ந்தது. கடைசிவரை 'அம்பு' ப-வில்தான் பாடினார். ஆனால் றோஸ் என்று வருகிற இடங்களில் எல்லாம் டார்லிங் என்று மாற்றிவிட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஹமில்ரனிலும் ரவுரங்காவிலும் வந்து பாடச் சொல்லி அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். கரட் வேலை இனிக் கிழமைக்கு மூன்று நாள்தான். அப்பா என்னை ஏசவே இல்லை. ஏசினால் நல்லாயிருக்கும்.

இன்று சாப்பிடும்போது பாட்டுக் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"இன்னொண்டு எழுதித் தா பிள்ளை. சனம் சிரிக்கோணும்."

"என்னத்தைப் பற்றி அப்பா?"

"என்னவெண்டாலும் எழுது." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கொம்மாவைப் பற்றி வேண்டாம்."