வேலிக்கு மேலால் போன வயர்

வியாழன், இரவு.

உதவிப்பணம் யாருக்குத் தேவை என்று தரவுகளைப் பார்த்துச் சொல்லும் கணினி மொடலை இன்று துறைமுகத்தடி அலுவலகத்தில் ஓட்டினேன். குச்சவெளிக் கிராமத்தில் ஒரு வீட்டை ‘வசதியானது’ என்று தள்ளிவிட்டது. மின்சாரப் பாவனை அதிகமாம்.

எனக்கு முன்பு என்னோடு வேலை செய்த ராஜினியின் ஞாபகம் வந்தது. ஆய்வுக்காக அந்தப் பக்கம் வீடு வீடாகத் திரிந்த காலத்தில் நாங்கள் ஒரே குடையில், மீன் வைத்த மாலுபாணைப் பிய்த்துத் தின்றபடி நடப்போம். கேள்வி கேட்குமுன் வேலியைப் பார்ப்போம். கரண்ட் வெட்டுப்பட்ட அயல்வீட்டுக்கு வேலிக்கு மேலால் வயர் போகும். ஒரு மீட்டரில் இரண்டு குடும்பம். அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவள் இப்போது கனடாவில். பின்னேரம் அழைத்து அவளிடம் சொன்னேன்.

“வேலியைப் பாத்தனியோ?” என்றாள்.

“ஒபிசில இருந்து என்னெண்டடி பாக்கிறது?”

“ஏன், குச்சவெளிக்கு இப்ப பஸ் ஓடுறேல்லையோ?”

இருவரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொடல் தந்த பட்டியலை நான் மேலிடத்துக்கு அனுப்பவில்லை. அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய குடையைத் தூசி தட்டிக் கதவருகே வைத்திருக்கிறேன். இருவர் பிடித்த குடை. காலையில் குச்சவெளியில் தனியே நடக்கும்போது எனக்கு அது பெரிதாகத்தான் இருக்கும்.