எரிக்கச் சொன்ன நெல்

கொம்படி வலசை
12.2.2007

தம்பி குருநாதனுக்கு அக்கா பூமயில் எழுதிக்கிறது. இங்கன நானும் ஒன் மச்சானும் மாடு ரெண்டும் சொகம். அங்கன கோயமுத்தூர்ல நீயும் சேதுலட்சுமியும் சொகமா இருக்கணும்.

போன்ல பேசுனா ஆகாதான்னு ஏசுவ. போன்ல நான் ஒரு சேதியத் தொடங்கங்குள்ள நீ "சரிக்கா, சரிக்கா"ன்னு வச்சிருவ. கடுதாசின்னா முழுசும் படிச்சுத்தான் ஆகணும். அறிவொளியில நான் எழுத்துக் கத்துக்கிட்டது பின்ன எதுக்கு?

அறுப்பு முடிஞ்சிருச்சு. நீ கொண்டாந்து என் கீழச்செய் வயல்ல போட்ட கம்பெனி நெல்லு இருக்கே, சுத்துப்பட்டுல அம்புட்டுப் பேரு வயலும் உப்புப் பூத்து வெளுத்துக் கெடக்கையில அது மட்டும் கருகருன்னு நின்னுச்சு. பெரியபட்டினத்துல இருந்தெல்லாம் ஆளுக வந்து வேலியோரம் நின்னு பாத்துச்சுக. ஒன் மச்சான் உள்ள நின்னுக்கிட்டு, "கம்பெனி உத்தரவு, யாரும் உள்ள வரப்படாது"ன்னு ஒரே அதிகாரம். அவரு சொன்னா அவரு மாடே கேக்காது. அன்னைக்கு ஊரே கேட்டுச்சு. மனுசனுக்கு அதுல இருந்து நடையே மாறிப்போச்சு.

அப்பறம் ஜீப்புல நாலு பேரு வந்தாக. மூட்டைய எண்ணுனாக. ஒண்ண மட்டும் சாம்பிளுன்னு ஏத்திக்கிட்டு, மிச்ச நெல்லு, வைக்கலு, தாளு, எல்லாத்தையும் களத்துல குவிச்சு மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திட்டாக. நெல்லு பொரியுது தம்பி. பொரி வாசம் ஊரு பூராம் வீசுது. மாடு ரெண்டும் வைக்கலப் பாத்துக் கயித்த இழுக்குதுக. நான் அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன். எழவு வீட்டுல கூட நான் அப்பிடி நின்னதில்ல.

முடிஞ்சதும் ஒரு காயிதத்த நீட்டுனாக. பூராம் இங்கிலீசு. தம்பி அனுப்புன ஆளுகதானேன்னு கையெழுத்துப் போட்டேன். கீழச்செய்ய ஒரு வருசம் தரிசாப் போடணும்னும் சொல்லிட்டுப் போயிட்டாக.

இம்புட்டு நல்ல நெல்ல எதுக்குய்யா எரிக்கணும்? அத மட்டும் எழுது.

இப்படிக்கு,
அக்கா பூமயில்


கோயம்புத்தூர்
25.2.2007

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி குருநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நலம். உங்கள் கடிதத்தைச் சேதுலட்சுமியும் படித்தாள். மச்சான் அதிகாரம் செய்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அது சோதனைப் பயிர், அக்கா. சோதனை முடிந்ததும் எரிப்பது நடைமுறை. கையெழுத்தும் ஒரு நடைமுறைதான். பயப்பட எதுவும் இல்லை. உப்பைத் தாங்கும்படி தயார் செய்த நெல், அவ்வளவுதான். மற்றபடி நாம் சாப்பிடுகிற அதே நெல்தான்.

உங்கள் வயலின் விளைச்சல் கணக்கைப் பார்த்துவிட்டு மேலதிகாரி என் தோளில் தட்டினார். வேலை நிரந்தரமாகும் போலிருக்கிறது. எல்லாம் உங்கள் கைராசி. இந்த நெல்லைப் பற்றி வெளியில் அதிகம் பேசிக்கொள்ள வேண்டாம். மச்சானிடமும் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
குருநாதன்


கொம்படி வலசை
14.11.2007

தம்பி குருநாதனுக்கு அக்கா எழுதிக்கிறது. சேதுலட்சுமிக்கு ஏழாம் மாசம்னு அவ அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியுது. நீ சொல்ல மாட்ட. வளைகாப்புக்கு நாத்தனா வளையலு வாங்கி வச்சிருக்கேன்னு அவகிட்டச் சொல்லு. ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக் கடையில வாங்குனது. பச்சையும் செவப்பும்.

இப்ப நல்ல சேதி ஒண்ணு. பெரியபட்டினம் ஹமீதா பானுவ ஒனக்குத் தெரியும்ல? அறிவொளியில என்கூட ஒரே பலகையில உக்காந்து எழுதுனவ. அவ வீட்டுக்காரரு காதர் மைதீன் சவூதிக்குப் போயி மூணு வருசமாச்சு. கடலோரத்துச் செய்ய இவதான் ஒத்தையாப் பாக்குறா. பாத்து என்ன, மூணு வருசமா உப்புத்தான் வெளையுது. புரட்டாசியில ஒரு நாளு வந்து, "பூமயிலு, ஒங்கிட்ட அந்த நெல்லு விதைக்கு இருக்கா?"ன்னு முந்திய விரிச்சா.

இருந்துச்சு. நம்ம பக்கம் அறுத்தா, அடிக்கிறதுக்கு முன்னாடியே நல்ல கதிரா ரெண்டு கட்டு ஒதுக்கி மச்சுல ஏத்திருவோம்ல? அதத் தானியக் கணக்குல யாரு சேப்பா? ஜீப்பு வாரதுக்கு மொத நாளே என் கை தன்னால அதச் செஞ்சிருந்துச்சு. அவுக மூட்டையத்தான் எண்ணுனாக, மச்ச யாரும் பாக்கல. விதைக்குன்னு முந்தி விரிச்சவள வெறும் முந்தியோட அனுப்புனா நம்ம செய்யி மொளைக்குமா? உருவிக் குடுத்துட்டேன்.

போய் அந்தச் செய்யப் பாரு இப்ப! கடலு அங்கன, பயிரு இங்கன, நடுவுல ஒரு பனை வரிசைதான். காத்துல உப்புக் கரிக்குது, பயிரு பாட்டுக்கு முழங்கா ஒசரம் நிக்குது. பக்கத்துச் செய்க்கார சுஐபு தெனமும் வரப்புல உக்காந்து பெருமூச்சு விடுறாராம்.

விதச்சது போக ரெண்டு படி மிஞ்சுச்சாம். நோன்பு மாசம் பாரு, பள்ளிவாசக் கஞ்சிக்கு அன்னைக்கு அவ வீட்டு முறை. குத்திப் போட்டுட்டா. எனக்கும் ஒரு தூக்குவாளி வந்துச்சு. ஒன் மச்சான் ரெண்டு சட்டி குடிச்சுட்டு, "கம்பெனிக்காரனுக்கு வாயில மண்ணு, எனக்குக் கஞ்சி"ன்னாரு.

இப்படிக்கு,
அக்கா பூமயில்


கோயம்புத்தூர்
19.11.2007

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். போனில் இந்தப் பேச்சே வேண்டாம்.

பிப்ரவரியில் நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில், ஒரு மணி நெல்கூட மிச்சம் வைக்கவில்லை, யாருக்கும் தரவில்லை என்று இருக்கிறது. அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். விதைக்கட்டு என்ற ஒன்று என் நினைவுக்கே வரவில்லை. நானும் அந்த வீட்டில் பிறந்தவன்தான். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

அது சாதா நெல் இல்லை. கடலோர உப்புநீரில் வளரும் அலையாத்தி மரத்தின் மரபணுவை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நெல்லுக்குள் வைத்து உண்டாக்கியது. சோதனைக்கு வெளியே வயலில் போடவோ சாப்பிடவோ அரசாங்கம் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. ஹமீதா வயல் பூத்தால் மகரந்தம் காற்றில் பக்கத்து வயலுக்குப் போகும். அங்கே விளைகிற நெல்லிலும் இது கலக்கும். கலந்ததைப் பிரிக்க யாராலும் முடியாது. பொதி வெடித்துக் கதிர் வெளிவரும் முன் அதை அழித்தாக வேண்டும்.

டிசம்பர் 6 அன்று சோதனை வயலைப் பார்வையிட டெல்லியிலிருந்து அரசாங்கக் குழு வருகிறது. சுற்றுவட்டாரப் பயிரிலும் இலை கிள்ளிச் சோதிப்பார்கள். இத்துடன் ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். பெரியபட்டினம் ஹமீதா பானு உங்களுக்குத் தெரியாமல் களத்திலிருந்து கதிரைத் திருடிச் சென்றதாக எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். அவருக்குப் பெரிதாக எதுவும் ஆகாது, எச்சரித்து விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் எனக்கு வேலை போகும், உங்கள்மீதும் என்மீதும் வழக்கு வரும். சேதுலட்சுமி இருக்கும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

குருநாதன்


கொம்படி வலசை
24.11.2007

தம்பிக்கு,

நீ எழுதுனத நான் கிழிக்கல. மூணு தடவ படிச்சேன். நாலாந்தடவ ஹமீதா வீட்டுக்குப் போயி அவளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். திருட்டுன்னு எழுதியிருந்த தாளையும் சேத்துத்தான். ஏலே, அவளப் பத்தி எழுதுனத அவளுக்குக் காட்டாம வேற யாருக்குக் காட்டுறது?

திருடின்னதுக்கு அவ கோவிக்கல. அவ கேட்டது வேற.

"பூமயிலு, அந்த நெல்லுல என்னத்தச் சேத்தாங்களாம்?"

"அலையாத்தியாம்."

"அது மரந்தானே? வேற உசிரு ஒண்ணும் இல்லையே? எந் தெருவே அந்தக் கஞ்சியிலதான் நோன்பு தொறந்துச்சு."

"மரந்தான்னு எழுதியிருக்கான்."

"சரி, மரமாவே இருக்கட்டும். குடிச்சவங்களுக்கு எதாச்சும் ஆகுமா?"

"அத எழுதல."

"எழுதலையா? அப்ப ஒண்ணு கேளு. பொறக்கப்போற அவன் புள்ளைக்கு அந்தச் சோத்த ஊட்டுவானான்னு கேளு. ஆபீசரு சொன்னாரு, கம்பெனி சொல்லுச்சுன்னு வேணாம். அவன் ஊட்டுவானா?"

நானும் ஒண்ணு கேக்குறேன். நல்லதுன்னா எதுக்கு எரிச்ச? கெட்டதுன்னா எதுக்கு எங்கிட்டக்கூடச் சொல்லாம என் செய்யில போட்ட? கூடப் பொறந்தவ கேக்க மாட்டான்னுதானே?

பயிரு பொதி கட்டிருச்சு. தொட்டுப் பாத்தா புள்ளத்தாச்சி வயிறு மாதிரி இருக்கு. பத்துப் பன்னெண்டு நாளுல வெடிச்சிரும். ரெண்டு கேள்விக்கும் பதில் எழுது. ஒன் தாளு அரிசிப் பானைக்கு அடியில கெடக்கு. இன்னும் நான் கையெழுத்துப் போடல, போட மாட்டேன்னும் சொல்லல.

பூமயில்


கோயம்புத்தூர்
28.11.2007

அக்கா,

எனக்குத் தெரியாது. இதுதான் பதில்.

எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க, ஒண்ணும் ஆகலைன்னு சொல்றாங்க. மாட்டுக்குக் குடுத்துப் பாக்கணும்னு இருக்கு, இன்னும் பாக்கல. மனுசங்க யாரும் தின்னதில்ல. தின்ன மொத ஆளுக நம்ம பக்கத்து ஆளுகதான். ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தோணுது. நிச்சயமாத் தெரியுமான்னா, தெரியாது.

என் புள்ளைக்கு ஊட்டுவேனான்னு கேட்டியே. நேத்து ராத்திரி சேதுலட்சுமி தூங்குனப்பறம் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஊட்ட மாட்டேன்க்கா. இப்ப ஊட்ட மாட்டேன்.

ஒன் செய்யில போட்டது, நீ கேள்வி கேக்க மாட்டேன்னுதான். வேற யாரு வயல்ல போட்டாலும் காயிதத்த வாசிச்சுக் காட்டுன்னு கேப்பாங்க.

எல்லாத்தையும் உள்ளபடி சொல்லிட்டேன். இனிமேலாச்சும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்புக்கா. என்னக் கைவிட்டுராத.

குரு


கொம்படி வலசை
9.12.2007

தம்பி குருநாதனுக்கு அக்கா பூமயில் எழுதிக்கிறது.

நடந்தது ஒனக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். ஆனா அவுகவுக சொன்னதத்தான் கேட்டிருப்ப. நான் சொல்றதையும் கேளு.

ஒன் கடுதாசிய ரெண்டாந்தேதி ஹமீதாவுக்கு வாசிச்சேன். "ஊட்ட மாட்டேன்"ங்கிற எடம் வந்ததும் "நிறுத்து"ன்னா. அப்பறம் எந்திரிச்சு முக்காட்ட இழுத்துச் சொருகிக்கிட்டு, "வா, புடுங்கலாம்"ன்னா. "ஒரு வருசச் சோறு ஹமீதா"ன்னேன். "தெரியும், நாந்தானே வெதச்சேன்"ன்னா.

அறுத்தா தூரு தழைச்சிரும்னு வேரோட புடுங்குனோம். அவ, நான், ஒன் மச்சான். மூணு நாளு. மனுசன் கம்பெனி அதிகாரத்த எல்லாம் மறந்துட்டு குனிஞ்ச தலை நிமிராமப் புடுங்குனாரு. வழியில போறவுக எல்லாம் நின்னு பாத்தாக. சுஐபு வரப்புல நின்னு, "பச்சப் பயிரப் புடுங்குறியே ஹமீதா, புத்தி கலங்கிருச்சா?"ன்னு கத்துனாரு. "ஆமாண்ணே, ஒங்க செய்யி நல்லாயிருக்கணும்னு கலங்கிருச்சு"ன்னா இவ. அவருக்கு வெளங்கல. நான் வெளக்குனேன். கேட்டு முடிச்சவரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. அதுக்கப்பறம் தெருவுல பாதி எறங்கிருச்சு. ஒரு கதிரும் வெளிய வரல தம்பி. கடைசித் தூர மட்டும் ஹமீதா யாரையும் புடுங்க விடல. அவளே புடுங்குனா. பச்சப் பயிருல தீப்புடிக்கல, பனமட்டையப் போட்டுத்தான் எரிச்சோம்.

ஆறாந்தேதி குழு வந்துச்சு. அதுல ஒரு அம்மா நல்லாத் தமிழ் பேசுனாக. நானே கூட்டிக்கிட்டுப் போயிச் சாம்பலக் காட்டுனேன். விதைக்கட்டு எடுத்தது நான், அவ கேட்டா நான் குடுத்தேன், திருட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். கஞ்சியையும் சொன்னேன். குடிச்சவுக பேர எல்லாம் எழுதிக்கிட்டு, டாக்டர அனுப்பிப் பாக்குறோம்னாக. பாத்துத்தான் ஆகணும்னு ஹமீதா அந்தம்மா கையப் புடிச்சுச் சொன்னா.

அப்பறம் அந்தம்மா, "நீங்க கையெழுத்துப் போட்ட காயிதத்த ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டுனது யாரு?"ன்னு கேட்டாக.

ஒன் மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சுய்யா. அம்மா செத்தப்ப என் இடுப்புல இருந்தியே, அந்த மூஞ்சி. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஹமீதா பக்கத்துல நின்னா. என்னப் பாக்கக்கூட இல்ல, தரையத்தான் பாத்தா.

"யாரும் காட்டல"ன்னேன்.

அத எழுதிக்கிட்டாக. எழுதுனதத் தமிழ்ல எனக்கு ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனாக. அப்பறந்தான் கையெழுத்துப் போட்டேன்.

நேத்து சேதுலட்சுமி போன் பண்ணா. வேலை போச்சுன்னா, வழக்குன்னா, அழுதா, என்ன வஞ்சா. வளைகாப்புக்கு வர வேணாம்னுட்டா. வகுறு பெருத்தவ, அவ எது பேசுனாலும் தகும். வளையல ராமநாதபுரம் பஸ்ல தெரிஞ்ச ஆளுகிட்டக் குடுத்து விட்டுருக்கேன். போட்டுக்கிறதும் போடாததும் அவ இஷ்டம்.

மேலச்செய்யில எங்க நெல்லு சுமாரா இருக்கு. வெளையிறது எங்க வீடு, ஹமீதா வீடு ரெண்டுக்கும்னு ஒன் மச்சானே சொல்லிட்டாரு. வழக்குன்னா நான் வாரேன், கூண்டுல ஏத்துனாலும் இதத்தான் சொல்லுவேன். எங்கிட்ட நீ மறைச்சதையும் சொல்லுவேன், கேட்டதும் உள்ளதச் சொன்னதையும் சொல்லுவேன்.

புள்ளைக்கு மொதச் சீனித்தண்ணி அத்தைதான் தொட்டு வைக்கணும். கூப்புட்டா, கையில எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு வாரேன். கூப்புடாட்டி, பொறந்தது ஆணா பொண்ணா, என்ன பேரு வச்சீகன்னு ஒரு காயிதத்துல எழுதிப் போடு. நான் படிச்சுக்கிருவேன்.

இப்படிக்கு,
ஒன் அக்கா
பூமயில்