செயற்கைக்கோள் புல்லென்று எழுதிய இருபத்து மூன்று வீடுகள்

அனுப்புநர்:
வால்டெமிரோ தவாரெஸ், மீனவர்,
சாந்தா ரூஃபினா ஊர்,
அமேசான் ஆற்றுப் படுகை, பிரேசில்.

பெறுநர்:
மருத்துவப் படகுப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி சுகாதார அலுவலகம்.

பொருள்: செயற்கைக்கோள் படத்தில் ஊர் இல்லையென்று மருத்துவப் படகை நிறுத்தியதை எதிர்த்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் நம்பவே போவதில்லை என்று முன்கூட்டியே உறுதியளித்து, பின்வரும் கதையைச் சமர்ப்பிக்கிறேன்.

1. இவ்வாண்டு வெள்ளம் வானத்தின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டது. வழக்கம்போல் தண்ணீர் ஏற ஏற வீட்டுக்குள் பலகைத் தளத்தை உயர்த்திக்கொண்டே போனோம். என் மாடு பரண்மேல் நின்று நின்று நடையையே மறந்துவிட்டது. மீன்கள் ஜன்னல் வழியே வந்து, மரவள்ளி மாவு வெந்ததா என்று விசாரிக்கின்றன.

2. ஆற்றில் மிதந்து வந்த புல்திட்டு எங்கள் ஓலைக் கூரைகளைச் சூழ்ந்துகொண்டது. அந்நேரம் பார்த்துச் செயற்கைக்கோள் படமெடுத்தது. இருபத்து மூன்று வீடுகளும் "புல்வெளி, ஆளில்லை" என்று பதிவாயின. மாதமொருமுறை வந்த மருத்துவப் படகு நின்றது. என் தம்பி மகள் ஜொசிலேனிக்கு இது நிறைமாதம்.

3. பதினோரு மணி நேரம் துடுப்புப் போட்டு வந்து தங்கள் எழுத்தரிடம் முறையிட்டேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க பெரியவரே, புல்லுதான் இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க முன்னாடிதான்யா நிக்கிறேன். தொட்டுப் பாருங்க, இன்னும் ஈரமா இருக்கேன்."

"படத்துல இல்லையே!"

"போன தேர்தல்ல வந்து எங்க மீனைத் தின்னுட்டு ஓட்டுக் கேட்டாங்களே, புல்லுகிட்டயா கேட்டாங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தர் ஜன்னலைச் சாத்தினார்.

4. செயற்கைக்கோள்மேல் எனக்குப் பகையில்லை. வெள்ளம் வருமென்று ஒன்பது நாள் முன்பே சொன்ன புண்ணியவான் அது. ஆளில்லை என்று எழுதியது தங்கள் அலுவலகம். ஒருவர் நேரில் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம்.

5. ஊரிலுள்ள சிவப்புத் துணி அத்தனையையும் கூரைகளில் விரித்துவிட்டோம். என் மாமியாரின் பாவாடை ஒன்றே நிலாவிலிருந்து தெரியும். அடுத்த படத்திலும் நாங்கள் இல்லையென்றால், மாடு உட்பட அனைவரும் தங்கள் அலுவலக வராந்தாவில் குடியேறுவோம். அங்கே எங்களைப் புல்லென்று எழுதிப் பாருங்கள்.

ஆகவே, மருத்துவப் படகை உடனே அனுப்ப வேண்டும். மரங்களை அடித்து வரும் ஆற்றில் நிறைமாதக்காரியைச் சிறு தோணியில் ஏற்ற மாட்டோம்.

மாடு, மீன், பாவாடை குறித்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஒரு சிறு பகுதிக்கு மட்டும் செய்வேன்: ஜொசிலேனிக்கு நேற்று வலி கண்டது, பாதியில் நின்றுவிட்டது.

இடம்: சாந்தா ரூஃபினா
நாள்: ஜூன் 4

ஊரார் அனைவருக்காகவும்,
வால்டெமிரோ தவாரெஸ்