மூன்றாம் படியில் வெள்ளைக் கோடு

ஹன்டர்வில்,
24 மார்ச் 1987

அன்புள்ள நைரி அக்கா,

வெள்ளம் வடிந்துவிட்டது. ஆற்றிலிருந்து படிப்படியாக மேலேறும் நம் நிலத்தில், ஆற்றையொட்டிய முதல் படியில் மேய்ச்சல் நிலமே மிஞ்சவில்லை. இரண்டாம் படியில் நாற்பது ஆடுகள் செத்தன. நம் வீடு நிற்கும் மூன்றாம் படிக்கு ஓர் ஆள் உயரம் கீழே தண்ணீர் நின்றது. வெர்னா பிள்ளைகளோடு மார்ட்டனில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "வீட்டை வித்துட்டு வா. இல்லன்னா அந்த ஆத்தோடயே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தைக் காட்டியவள் நீதான். "ஆறு இங்க வராதுடா, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டு" என்றாய். கட்டினேன்.

ஆல்வின்

வெலிங்டன்,
29 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நியாயம். அன்று நான் உயரத்தை மட்டும் பார்த்துச் சொன்னேன், தோண்டிப் பார்க்கவில்லை. நிலவியல் படித்து முடித்த திமிர்.

பனியுகத்தில் மலை உடைந்து உதிரும். ஆறு பள்ளத்தாக்கு முழுக்கச் சரளைக்கல்லைப் பரப்பும். குளிர் விட்டதும் அதையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். நிலமும் மெல்ல எழும்புவதால் பழைய படுகை மேலே படியாக நின்றுவிடும். ஆனால் நிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவு எழும்புவதில்லை. அதனால் உயரத்தை நம்ப முடியாது.

சாம்பலை நம்பலாம். இருபத்தைந்தாயிரம் வருஷத்துக்கு முன் டௌபோ எரிமலை கக்கிய சாம்பல் மண்ணுக்குள் வெள்ளைக் கோடாகக் கிடக்கும். அதற்குப் பிறகு ஆறு அங்கே வந்திருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். வீட்டுக்குப் பின்னால் தோண்டிப் பார். கோடு இல்லையென்றால் நானே வந்து விற்கச் சொல்கிறேன்.

நைரி

ஹன்டர்வில்,
2 ஏப்ரல்

அக்கா,

தோண்டவே வேண்டாம். செத்த ஆடுகளுக்குக் குழி வெட்டியதே வீட்டுக்குப் பின்னால்தான். வெள்ளைக் கோடு இருக்கிறது, ஆனால் அது நிலத்துக்குப் போடும் சுண்ணாம்பு. லாரிக்காரன் அங்கேதான் கொட்டுவான். முன்பொரு குழியிலும் பார்த்துவிட்டு, சிந்திவிட்டாயே என்று அவனைத் திட்டித் தீர்த்தேன். ஆக, விற்க வேண்டியதுதான்.

ஆல்வின்

வெலிங்டன்,
6 ஏப்ரல்

அட மக்கு,

லாரிக்காரன் சிந்தியது எப்படி மண்ணுக்கு அடியில் போகும்? எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? அதன்மேல் வினிகர் ஊற்று. சுண்ணாம்பு நுரைக்கும், சாம்பல் நுரைக்காது. வெர்னாவே ஊற்றட்டும், உன்னையும் என்னையும் அவள் நம்பமாட்டாள்.

பதற்றத்துடன்,
நைரி

ஹன்டர்வில்,
11 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

நெஞ்சளவு ஆழம். பக்கத்தில் புதிதாக வெட்டிக் கொடுத்தேன். மார்ட்டனிலிருந்து வந்த வெர்னா குழியில் இறங்கி அரை பாட்டில் வினிகர் ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. "வினிகர் பழசா இருக்கும்" என்று நேரே கொட்டகைக்குப் போய், மூட்டையிலிருந்த சுண்ணாம்பில் மீதியைக் கவிழ்த்தாள். புசுபுசுவென்று பொங்கி அவள் செருப்பெல்லாம் நுரை.

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான். பிறகு பிள்ளைகளை அழைத்துவந்து, அவர்கள் பெட்டிகளை அவளே உள்ளே தூக்கி வைத்தாள்.

லாரிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடம் இப்போது கேட்கிறேன், அக்கா.

வெர்னா சொன்னது அப்படியே: "பெரிய வெள்ளிக்கு உன் அக்காவை வரச் சொல்லு. வினிகர் வாங்கிட்டு வரட்டும், பொரிச்ச மீன் மேல ஊத்த ஒரு சொட்டுகூட இல்ல."

உன் தம்பி,
ஆல்வின்