அக்காவின் வலது கால்

செவ்வாய், பௌர்ணமிக்கு மறுநாள்.

பேசாமல் இருந்தது போதும். மாதம் தவறாமல் வெறுங்காலோடு கிரிவலம் போன அக்காவுக்கு, சர்க்கரைப் புண் முற்றி வலது காலை எடுத்துவிட்டார்கள். இன்று கிரிவலக் குழுத் தலைவர் ஆப்பிளோடு பார்க்க வந்தார்.

"பக்தி ஜாஸ்தி இருக்கறவங்களைத்தாம்மா அண்ணாமலையார் சோதிப்பாரு" என்றார்.

"அப்போ உங்களுக்குப் பக்தி கம்மிங்களா? ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்குது?" என்றேன்.

"டேய், வாயை மூடுடா" என்று அக்கா அதட்டினாள். அவர் போனதும், மலை தெரிகிற ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். கும்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தன்னைச் சுற்றி நடந்த காலையே அண்ணாமலையார் பறிப்பது என்ன அன்பு? அக்கா படிக்கும் பக்தி இதழின் கேள்வி பதில் பகுதிக்கு இதை நாளை தபாலில் போடுகிறேன். பெயர் எழுத மாட்டேன். எழுதினால், எனக்காக மன்னிப்புக் கேட்டு இன்னொரு விரதம் தொடங்கிவிடுவாள்.